முதுகில் ஒரு நல்ல இடம்

பிப்ரவரி 4

அக்கா,

பெட்டியைத் திறந்ததும் பயந்துவிடாதே. உள்ளே இருப்பவை ஒரு பிளாஸ்டிக் வளையம், இரண்டு சின்னக் குப்பிகள், ஒரு கண்ணாடிக் குச்சி, ஐஸ் பைகள். ஊசி எதுவும் இல்லை.

போனில் இனிமேல் பேச வேண்டாம் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது, அதனால்தான் கடிதம். அன்று நான் "குணமாகறதுக்கு நீ முயற்சியே பண்ணலக்கா" என்று சொன்னதை வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே இருந்திருக்கலாம். அதைப் பற்றி எழுத ஆரம்பித்து நிறையத் தாள்களைக் கிழித்துவிட்டேன், ஆகையால் பெட்டியைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்கும்போதெல்லாம் "பாக்டீரியா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். இப்போது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் தங்கள் உடம்பைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சுவரிலிருந்து மிகமிகச் சின்னக் குமிழிகளைக் கிள்ளி வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தக் குமிழிகள் தோலுக்குள் இறங்குகின்றன. அவற்றில் எந்தவிதக் கொழுப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தோல் கொதிப்பதோ அடங்குவதோ நடக்கிறது என்று நினைக்கிறோம்.

உன் உடம்பு முழுக்கச் சிவந்து வெடித்துக் கிடந்தாலும், முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் இத்தனை வருடமும் சுத்தமாக இருக்கிறது என்று மாமா ஒருமுறை சொன்னார். அதுதான் எனக்கு வேண்டும். அந்த இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் வேறு மாதிரிக் குமிழி விடுகின்றனவோ என்னவோ. எங்கள் லேப் தலைவி மேடத்திடம் கேட்டேன், சரி என்றார்.

வளையத்தைத் தோலின்மேல் அழுத்திப் பிடித்து, குப்பியில் இருக்கும் திரவத்தை அதற்குள் ஊற்றி, குச்சியால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, அதே குப்பிக்குள் திரும்ப எடுக்க வேண்டும். ஒரு குப்பி முழங்கை மடிப்பில், இன்னொன்று முதுகில் அந்த இடத்தில்.

ஒரு நிபந்தனை. அதற்கு முந்தைய வாரம் முழுக்கக் களிம்போ எண்ணெயோ சோப்போ உன் தோலில் படக்கூடாது. இது உனக்கு எப்படிப்பட்ட வாரமாக இருக்கும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். முடியாது என்றால் வளையத்தைக் குப்பையில் போட்டுவிடு.

தம்பி

பிப்ரவரி 21

தம்பிக்கு,

பேசுவது நான், எழுதுவது மாமா. என் விரல் நுனியெல்லாம் வெடித்துத் துணி சுற்றியிருக்கிறது. போனைத் தொட்டால் அதற்கு என்னை யாரென்றே தெரியவில்லை. தாளையும் பிடிக்க முடியாது, எனவே உன் கடிதத்தை வாசித்துக் காட்டுவதும் இவர்தான், என் பதிலை எழுதுவதும் இவர்தான். நான் உன்னைத் திட்டுவதை ஓர் எழுத்து விடாமல் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

முதலில், என் உடம்பில் குடியிருப்பவர்களின் கொழுப்பை அளந்து பார்க்க உனக்கு ஒருவர் சம்பளம் கொடுக்கிறார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. உன் கொழுப்பை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், எனக்கு யாரும் ஒன்றும் கொடுத்ததில்லை. வாடகை கொடுக்காமல் குடியிருப்பதோடு கிள்ளிக் கிள்ளிப் பொட்டலம் வேறு அனுப்புகிறார்களாமே.

இரண்டாவது, உன் கடிதத்தில் "நினைக்கிறோம்", "என்னவோ". இப்படி எழுதினால் எந்த நோயாளி உன்னை நம்புவாள்? இங்கே டாக்டர் எதையும் நினைப்பதில்லை, நேராகச் சொல்லிவிடுகிறார்.

களிம்பு இல்லாத வாரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். போர்வை மாற்றினோம், திரும்ப மாற்றினோம், அவ்வளவு போதும். சாயங்காலம் அரிப்பு மாத்திரை போட்டுக் குப்புறப் படுத்தால் கொஞ்சம் கண் அசரும். அது ஒன்றுதான் நாளில் எனக்குப் பிடித்த நேரம்.

குப்பி நிரப்பும் வேலையை இவர் செய்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தரையில் டைல்ஸ் ஒட்டுகிற என் வீட்டு மனுஷன், வளையத்தை என் முதுகில் வைத்துவிட்டு மூச்சுகூட விடவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்க்காததுதான் குறை. "கொஞ்சம் ஆடாம இரு, ஒரு சொட்டு சிந்தினாலும் தம்பி வேல கெட்டுடும்" என்றார். அந்த இடத்துக்கு "நல்ல இடம்" என்று இவர்தான் பேர் வைத்திருக்கிறார். உள்ளங்கை அகலம் இருக்குமாம். நான் பார்த்ததில்லை, என் முதுகு எனக்கு எங்கே தெரிகிறது.

மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கடைசி நாளில் ஒரு அம்மாவுக்கு ஃப்ரேம் மாட்டிக் காதோரம் சரிசெய்துகொண்டிருந்தேன். என் மணிக்கட்டிலிருந்து செதில் அவர் தோளில் உதிர்ந்தது. நல்ல மனுஷி. தட்டிவிட்டுக்கொண்டார். முதலாளி மறுநாள் "உள்ள உக்காந்து லென்ஸ் தொடச்சா போதுமேம்மா" என்றார். நான் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

நான் முயற்சி செய்யவில்லை என்றாயே. அதற்குப் பதில் அந்தக் குப்பியில் இருக்கிறது, எடுத்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 12

அக்கா,

இதை நான் போனில் சொல்லியிருந்தால் உளறியிருப்பேன். எழுதும்போதும் உளறலாம்.

உன் இரண்டு குப்பிகளையும் வடிகட்டி, வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்த குமிழிகளைத் தனியே எடுத்தோம். கண்ணுக்குத் தெரியாத அளவு, குழாயின் அடியில் ஒரு மங்கல். கண்ணாடித் தட்டில் மனிதத் தோல் செல்களை வளர்த்து, அவற்றைச் சீண்டிவிட்டு, ஒரு தட்டில் உன் முழங்கைக் குமிழிகளையும் இன்னொரு தட்டில் முதுகுக் குமிழிகளையும் ஊற்றினோம். முழங்கைத் தட்டு இன்னும் அதிகமாகக் கொதித்தது. முதுகுத் தட்டு அடங்கியது. நம்பாமல் மறுபடி செய்தோம், மறுபடியும் அடங்கியது.

பிறகு அந்தக் குமிழிகளில் இருக்கும் கொழுப்பு என்ன என்று பார்த்தோம். அதில் ஒன்று, அந்த பாக்டீரியாவுக்குச் செய்யவே தெரியாத கொழுப்பு. தெரியாது என்றுதான் எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள். மேடம் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு "இத நான் வேற யார்கிட்டயும் பார்த்ததில்ல" என்றார். என் தோளில் தட்டினார். அவர் யாரையும் தட்டுகிறவர் இல்லை.

அவருடைய திட்டம் இது. அந்த பாக்டீரியாவை லேபில் வளர்த்து, குமிழிகளைச் சேர்த்து, களிம்பாக்குவது. பக்கத்து மருத்துவமனையில், வேறு மருந்து எதுவும் இல்லை என்ற நிலையில் இருப்பவர்களில் ஒரே ஒருவருக்குச் சிறப்பு அனுமதியில் கொடுத்துப் பார்க்கலாம். உன் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் எப்போதும் "இருக்கலாம்", "நினைக்கிறோம்" என்றே பேசுகிறேன் என்கிறாய். இந்த ஒரு தடவை அப்படிச் சொல்லவில்லை. இது நடக்கும் அக்கா.

தம்பி

மே 3

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான் டாக்டரிடமிருந்து திரும்பியிருந்தோம். நோய்க்குக் கொடுத்துவந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். இனிமேல் அதைச் சாப்பிட்டால் கிட்னி தாங்காதாம். அதற்கு முந்தியது ஏற்கெனவே கல்லீரலுக்கு ஆகவில்லை. அடுத்தது என்ன என்று மாமா கேட்டார். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வலி தெரியாம பார்த்துக்குங்க, கிருமி ஏறாம பார்த்துக்குங்க" என்றார். கிருமி ஏறினால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அதற்கும் நேராகவே பதில் சொன்னார். உன் அக்கா நேரான பதில் வேண்டுமென்றவள், வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மாமா உன் கடிதத்தைப் பிரித்தார். நின்றுகொண்டே வாசித்தார்.

நான் ஆசைப்படுவதில்லை என்று முடிவெடுத்து ரொம்ப நாளாகிறது. ஆசைப்பட்டால் அரிப்பு கூடுகிறது. ஆனால் மறுநாள் காலையில் என்னை அறியாமல் முதலாளிக்கு ஆள் அனுப்பி, கடையில் நான் உட்காரும் ஸ்டூலை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். அவர் சரி என்றாராம். பாவம், வேறு என்ன சொல்வார்.

இந்த மனுஷன் வேலை நடக்கிற இடத்திலெல்லாம் சொல்லிவிட்டார். சிமெண்ட் குழைக்கிறவர், பெயிண்டர், வீட்டுக்காரர், எல்லோருக்கும் தெரியும், என் முதுகிலிருந்து மருந்து எடுக்கப் போகிறார்கள் என்று. "நல்ல இடத்த நான்தானே கண்டுபிடிச்சேன்" என்று பெருமை வேறு. இதையும் எழுது என்றேன், எழுதியிருக்கிறார் பார்.

இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது அந்தக் களிம்புதான். உன்னை அவசரப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவசரப்படு.

அக்கா

ஜூன் 28

அக்கா,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். களிம்பு இல்லை.

உன் முதுகிலிருந்து வந்த பாக்டீரியாவை எங்கள் தட்டில் வளர்த்தோம். நன்றாக வளர்ந்தது, குமிழியும் விட்டது. அந்தக் குமிழிகளில் அந்தக் கொழுப்பு இல்லை. செல்கள் அடங்கவும் இல்லை. தோலில் இருந்தால்தான் அதைச் செய்யுமோ என்று சூட்டை மாற்றினோம், உப்பை மாற்றினோம், தீனியை மாற்றினோம். இல்லை.

போன வாரம் மேடம் உன் பழைய குப்பியில் மிச்சமிருந்ததை எடுத்து முழுக்கப் பார்க்கச் சொன்னார். செடிகளில் மட்டுமே உண்டாகும் ஒரு பொருள் அதில் குவிந்து கிடந்தது. பாக்டீரியா அதைச் செய்யாது, உன் உடம்பும் செய்யாது. மற்ற கொழுப்புகளின் அளவையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தேன். சூரியகாந்தி எண்ணெய், அக்கா. கடையில் பாட்டிலில் விற்கும் எண்ணெய்.

பாக்டீரியா கையில் கிடைத்த எண்ணெயைத் தின்று தன் சுவரில் பூசிக்கொண்டு, அதையே குமிழியாகக் கிள்ளி விட்டிருக்கிறது. தட்டில் செல்களை அடக்கியது அந்த எண்ணெய். அதை மருந்தாக்க முடியாது. முன்பு ஒருமுறை உன் முழங்கையில் அதே எண்ணெயைத் தடவியபோது நீ கத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெடித்த தோலில் அது எரிச்சல் மட்டும்தான்.

மேடம் கருத்தரங்கில் பேசுவதாக இருந்ததை ரத்து செய்துவிட்டார். மருத்துவமனை அந்த ஓர் இடத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிட்டது. என்னை வேறு வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

எதுவும் படக்கூடாது என்று அவ்வளவு தெளிவாக எழுதினேன். ஒரே ஒரு நிபந்தனை. அந்த இடத்துக்கு உன் கை எட்டாது. அப்படியென்றால் யார் பூசினார்கள்? அந்த வாரம் முழுக்க நீ களிம்பில்லாமல் துடித்ததெல்லாம் எதற்கு? என்ன புத்தி இது? இருந்த ஒரே வழியில் எண்ணெயை ஊற்றிவிட்டார்களே.

உன்மேல் கோபம் இல்லை. உனக்குச் சொல்ல வேறு எதுவும் என்னிடம் இல்லை.

தம்பி

ஜூலை 9

தம்பி,

இது என் கையெழுத்து. கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். துணியை அவிழ்த்துவிட்டு எழுதுகிறேன், தாளில் இருப்பது மை மட்டும் இல்லை. மாமா வேலைக்குப் போயிருக்கிறார். மருந்து கொண்டு வருகிறவரிடம் இதைக் கொடுத்து அனுப்புவேன்.

உன் கடிதங்களை யார் வாசித்துக் காட்டுகிறார் என்பதை நீ மறந்துவிட்டாய்.

"சூரியகாந்தி எண்ணெய்" வரை சத்தமாக வாசித்தார். அங்கே நின்றார். பிறகு மெதுவாக, ஒன்று விடாமல், "என்ன புத்தி இது" வரைக்கும் வாசித்து முடித்தார். போதும் நிறுத்துங்கள் என்றேன், கேட்கவில்லை. எழுந்துபோய்ச் சமையலறையிலிருந்து பாட்டிலை எடுத்துவந்து கட்டில்மேல் வைத்தார்.

"நான் உன் மேல எதுவும் பூசலம்மா. என் கையிலதான் தடவிக்கிட்டேன்" என்றார்.

அவர் உள்ளங்கையை நீ பார்த்திருக்கிறாய். இத்தனை வருடம் சிமெண்ட் தின்ற கை. அது பட்டால் புடவைகூட நூல் பிரியும். சாயங்காலம் நான் குப்புறப் படுத்து அசரும்போது, என் உடம்பில் தொடக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்பதால், அங்கே கை வைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை என்னைக் கீறிவிடக் கூடாதென்று முதலில் தன் கையில் எண்ணெய் தேய்த்து ஊறவைத்துத் துடைத்துக்கொள்வாராம். நீ என் தோலில் எதுவும் படக்கூடாது என்று எழுதினாய். அவர் கையைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லை. அந்த வாரம் நான் துடித்ததைப் பார்த்துவிட்டு வழக்கத்தைவிட அதிக நேரம் தடவியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த நேரத்தில் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை. தூங்குகிற மாதிரிப் படுத்திருப்பேன். விழித்திருப்பது தெரிந்தால் வலிக்கிறதா என்று கேட்டுக் கையை எடுத்துவிடுவார்.

இப்போது தொடுவதில்லை. வேலையிலிருந்து வந்ததும் கையைக் கழுவுகிறார், மறுபடி கழுவுகிறார், கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். நான் கூப்பிட்டாலும் கட்டிலுக்கு வருவதில்லை. "நான் தொட்டதுதானே எல்லாத்தையும் கெடுத்துது" என்கிறார். களிம்பு போனது எனக்கு வருத்தம்தான், உன்னிடம் மறைத்து என்ன. ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஆனால் அது வராத பொருள். இது என்னிடம் இருந்தது.

எனக்கு நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். நீ தப்பாகச் சொல்லிவிட்டதாக, அவர் கையால் எதுவும் கெடவில்லை என்று, அவர் தொடுவது நல்லது என்று. உன் படிப்பு முழுவதையும் போட்டு எழுது. அவர்தான் வாசிப்பார்.

கடைசியாக ஒன்று, இதைப் பற்றி மட்டும் பதிலில் எழுதாதே. அந்த இடமும் போய்க்கொண்டிருக்கிறது. நைட்டியின் தையல் பட்டால் தீ வைத்தது போல இருக்கிறது. என் கண்ணுக்கு அது தெரியாது, அவர் கண்ணுக்குத்தான் தெரியும். "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். நானும் சரி என்கிறேன். அவர் கை பட்டால் எரியும். எரியட்டும், அது என் பாடு.

அக்கா

ஜூலை 16

அக்கா,

மாமா இதை நிதானமாக, சத்தமாக வாசிக்க வேண்டும்.

எண்ணெய் மாமாவின் கையிலிருந்து வந்தது என்று நீ ஆள் மூலம் சொல்லி அனுப்பிய பிறகுதான், போன கடிதத்தில் நான் அவசரப்பட்டுத் தப்பாக எழுதிவிட்டேன் என்று தெரிந்தது. மேடத்திடம் எல்லாவற்றையும் திரும்பக் காட்டினேன். எண்ணெயால் எங்கள் வேலை எதுவும் கெடவில்லை. களிம்பு நின்றுபோனது மருத்துவமனையின் அனுமதி விஷயத்தில். அதற்கும் உங்கள் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. நான் வேறு வேலைக்கு மாறியது நானே கேட்டு வாங்கியது.

தட்டில் செல்கள் அடங்கியதை என் கண்ணால் பார்த்தேன். கொதித்துக்கொண்டிருந்தவை அந்தக் குமிழிகள் பட்டதும் அமைதியாயின. அந்தக் குமிழிகளில் இருந்தது மாமாவின் கையிலிருந்து வந்த எண்ணெய். உன் தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை வாங்கித் தங்கள் சுவரில் சேர்த்துக்கொண்டு, தோலுக்கு அடங்கு அடங்கு என்று சொல்லி அனுப்பியிருக்கின்றன. இத்தனை வருடமும் உடம்பில் ஓர் இடம் மட்டும் ஏன் நன்றாக இருந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அது ஏன் சரியாக ஓர் உள்ளங்கை அகலம் இருந்தது என்று நான்கூடக் கேட்கவில்லை. இப்போது அதற்குப் பதில் தெரிந்துவிட்டது.

ஆகவே நிறுத்தக் கூடாது. தினமும் சாயங்காலம், முன்பு எப்படியோ அப்படியே. கையில் எண்ணெய் தடவி, ஊறவைத்து, துடைத்துவிட்டுத் தொட வேண்டும். அழுத்த வேண்டாம். அக்கா தூங்கும் வரை எடுக்க வேண்டாம். இது மருந்தைப் போல முக்கியம்.

மாமாவின் புத்தியைப் பற்றி நான் எழுதியதை அவர் மறந்துவிட வேண்டும். அந்தப் புத்தி எனக்கு இருந்திருந்தால் நான் அங்கே உங்கள் பக்கத்தில் இருந்திருப்பேன்.

தம்பி

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

பேசுவது நான், எழுதுவது மாமா, பழையபடி.

உன் கடிதத்தை அன்றைக்கே இரண்டு தடவை வாசித்தார். மறுநாள் வேலைக்கு எடுத்துப்போய் பெயிண்டரிடமும் வாசித்துக் காட்டியிருக்கிறார். அதில் "நினைக்கிறோம்" என்று ஓர் இடத்தில்கூட இல்லை என்று அவருக்கு ஒரே சந்தோஷம். "இப்பதான் தம்பி டாக்டர் மாதிரி எழுதறான்" என்கிறார்.

கதவோரத்து நாற்காலி இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ சொன்னபடியே எல்லாம் நடக்கிறது.

காய்ச்சல் கொஞ்சம் விட்டுவிட்டு வருகிறது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். முதலாளியிடம் ஸ்டூலை யாருக்காவது கொடுத்துவிடும்படி சொல்லி அனுப்பிவிட்டேன்.

நல்ல இடம் எப்படி இருக்கிறது என்று நீ கேட்பாய். அப்படியே இருக்கிறதாம். மாமா சொல்கிறார், அவரேதான் எழுதுகிறார். எரிகிறதா என்றால், இல்லை. முன்பெல்லாம் உள்ளங்கை முழுவதையும் வைப்பார், இப்போது இரண்டு விரல்தான் வைக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இதை எழுதிவிட்டு அவர் பேனாவைத் துடைத்துக்கொள்கிறார்.

தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள். கையை ஏற்கெனவே ஊறவைத்துவிட்டார், பேனா வழுக்குகிறது. நான் குப்புறப் படுக்க வேண்டும்.

அக்கா